மறதிக்கான சஜ்தா

“அந்த ரத்தத்தை ஏத்தாதீங்க. உடனே நிறுத்துங்க!”

ரத்த வங்கியில் சேர்ந்த அன்றே டாக்டர் எனக்குச் சொன்ன முதல் விதி, இதை மட்டும் ஒருநாளும் கேட்காதே என்பதுதான். மேலே அறுவை அரங்குக்குப் போன பையைத் திருப்பிக் கேட்டால் நம் மானம் கப்பலேறிவிடுமாம்.

மறுமுனையில் நர்ஸ் யாரிடமோ “மூடு” என்றாள்.

“சரி, மூடிட்டோம். சீக்கிரம் சொல்லுங்க. இங்க அந்தம்மாவுக்கு நாடி இறங்குது.”

போனைப் பிடித்த கையில், தொழுகைக்காகக் கழுவி ஒளு செய்த ஈரம் இன்னும் காயவில்லை.

குளிர்பெட்டிக்குப் பின்னால் முசல்லா விரித்து மதியத்து லுஹர் தொழுதுகொண்டிருந்தேன். நான்கு ரக்அத்தில் நிற்பது மூன்றாவதா, நான்காவதா? தெரியவில்லை. அதற்கு வழி இருக்கிறது. குறைந்ததைக் கணக்கில் வைத்து மிச்சத்தைத் தொழுது, கடைசியில் மறதிக்காக இரண்டு சஜ்தா செய்துவிடலாம். நாம் மறப்போம் என்று படைத்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் தெரியவில்லை.

அந்த சஜ்தாவில் நெற்றி தரையைத் தொட்டபோதுதான் அந்தக் குழாய்கள் நினைவுக்கு வந்தன. காலையில் ஒரே பெயருள்ள இரண்டு பெண்களின் ரத்தம் குழாய்களில் சோதனைக்கு வந்திருந்தது. மேலே போன பையை எந்தக் குழாயோடு பொருத்திப் பார்த்தேன்?

எதுவும் நினைவில் இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது மண்டை.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த கையோடு ஓடி வந்து போனை எடுத்தேன்.

“யாரைக் கேட்டு நிறுத்தின?”

பின்னால் டாக்டர். இப்போதுதான் கூட்டம் முடிந்து இறங்கி வந்திருக்கிறார். கெட்டவர் இல்லை. ஐந்து வேளைத் தொழுகையிலும் முன்வரிசையில் நிற்பவர். இங்கிருந்த மற்ற மூவரும் தாங்க முடியாமல் ஓடிய பிறகு, அவர்கள் வேலையையும் சேர்த்து என் தலையில் கட்டியவரும் அவர்தான். ஆள் வேண்டும் என்று கேட்டால், “வேலையும் தொழுகை மாதிரி இபாதத்துதாம்மா, கூலி அங்க இருக்கு” என்று மேலே விரலைக் காட்டுவார். மேல்மாடியில் நிர்வாக அலுவலகமும் இருப்பதால், யாரைச் சொல்கிறார் என்று எனக்கு எப்போதும் குழப்பம்தான்.

பெற்ற உம்மாவும் அவர் கட்சி. “நம்ம வீட்டுல முதல்ல பட்டம் வாங்கினவ நீ. அதுக்காக நாக்கை நீட்டிப் பேசிடாதே.”

நாக்கை மடித்து வைத்துத்தான் இந்த நிலைக்கு வந்திருந்தேன்.

“குழாய் மாறிப்போச்சோன்னு சந்தேகமா இருக்கு டாக்டர்.”

“வஸ்வாஸ்மா அது. ஷைத்தான் காதுல ஊதுறான். அவூது ஓதி அவனை விரட்டிட்டு ஏத்தச் சொல்லு.”

ஒளு முறிந்ததோ என்று நூறு தடவை கால் கழுவுகிறவனிடம் சொல்ல வேண்டியது அது. அடுக்கிலிருந்து அந்தப் பெண்ணின் குழாயை எடுத்தேன். பெயரைப் பார்த்தேன். படுக்கை எண்ணைப் பார்த்தேன். மறுபடி பெயரைப் பார்த்தேன்.

பை மேலே போனாலும், அதன் ரத்தம் அடைத்த நான்கு சிறு குழல் துண்டுகளை வெட்டி, ஒரு சோதனைக்கு ஒன்று என இங்கே வைத்திருப்போம். கிண்ணத்தில் ஒரே ஒரு துண்டுதான் கிடந்தது. இருந்த அவசரத்தில் அதை யோசிக்கவில்லை.

இரண்டையும் கலந்து இயந்திரத்தில் சுழலவிட்டேன்.

பொருந்தாத ரத்தம் திரிந்த பால் மாதிரிக் கட்டி கட்டியாகிவிடும். என் மாமிக்குப் பிரசவத்தில் ஏறியது அந்த மாதிரி ரத்தம்தான். கட்டிலோடு சேர்ந்து நடுங்கி நடுங்கியே போனாள். இனி ஒருத்தியும் அப்படிப் போகக் கூடாது என்ற நிய்யத்தில்தான் இந்தப் படிப்பையே படித்தேன். அந்த நிய்யத்து இப்போது எந்த மூலையில் கிடக்கிறதோ.

இயந்திரம் நின்றது.

குழாயை வெளிச்சத்தில் சாய்த்தேன். யா அல்லாஹ்.

கட்டி இல்லை. சீராகக் கலங்கியது. பொருந்திய ரத்தம்தான்.

போனைப் பிடித்து, “ஏத்துங்க, ஏத்துங்க” என்று கத்தினேன். நர்ஸ் யாரிடமோ “திறந்து விடு” என்றாள். பிறகு என்னிடம் ஒன்று சொன்னாள். நான் போனை வைத்தேன்.

டாக்டர் சிரித்தார். “பாத்தியா? நான் சொன்னேன்ல, வஸ்வாஸ்!”

கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டேன்.

“டாக்டர், தொழுகையில மறந்தா சஜ்தா இருக்கு. இதுல மறந்தா என்ன இருக்கு?”

“அதான் பொருந்திடுச்சே! இன்னும் என்னம்மா?”

குளிர்பெட்டிச் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கச் சொன்னேன். “இது நம்பி ஒப்படைச்ச அமானிதம். என்கிட்ட இருக்கக் கூடாது. வேற ஆள் போடுற வரைக்கும் நீங்களே உக்காருங்க.”

“பைத்தியமா உனக்கு? உங்க உம்மாவுக்குப் போன் போடவா?”

“போடுங்க. ஸலாம் சொன்னேன்னு சொல்லுங்க.”

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். வராந்தா முழுக்க வெயில். நடந்தேன். அந்த நர்ஸின் குரல் காதைவிட்டுப் போகவில்லை.

“இப்பவாவது உறுதிதானே? இதோட இதே பையை மூணு தடவ நிறுத்தச் சொல்லி, மூணு தடவயும் சரியா இருக்குன்னுட்டீங்க.”

எனக்குத் தெரிந்து நான் கூப்பிட்டது ஒரு தடவைதான்.