எட்டு இருபது டிராமில் சொன்ன காரணம்

புகார்ப் பிரிவு அலுவலர் அவர்களுக்கு,

செவ்வாய்க்கிழமை காலை எட்டு இருபது டிராமில் நான்கு பேர் இருந்தோம். முன்சீட்டில் கல்லூரி மாணவி தமயந்தி, ஜன்னலோரம் மளிகைக்கடை தாஜுதீன், அவர் பக்கத்தில் நான், கதவருகே செங்கமலம் அம்மாள்.

ஏறும்போது காரணம் சொன்னால், அவசரக்காரர்கள் அதிகமுள்ள பக்கம் வண்டி திரும்பும்; எண்ணிக்கை சமமானால் சாலை வழியே போகும். சீக்கிரம் போகவேண்டி தமயந்தி, தாஜுதீன், நான் மூவரும் தினமும் நோயில்லாமலே சுரங்க வழியில் உள்ள ஆஸ்பத்திரியைச் சொல்வோம்.

"இன்னைக்கு என்ன நோவுங்க சார்?" என்றார் தாஜுதீன்.

"நேத்து சொன்ன வயித்து வலியேதானுங்க பாய்," என்றேன்.

சிரித்தோம். செங்கமலம் அம்மாள் சிரிக்கவில்லை.

"பெரியாஸ்பத்திரிங்க. மகனுக்கு ரத்தம் குடுக்கோணும். ஒம்பதுக்குள்ள போகோணும்."

அந்த ஆஸ்பத்திரி சாலை வழியில் இருக்கிறது. சந்திப்பு நெருங்கியதும், காரணத்தை மாற்ற அரை நிமிடம் இருப்பதாக வண்டி அறிவித்தது.

"பாய், நீங்க மாத்திச் சொல்லுங்க," என்றாள் தமயந்தி.

"ஏம்மா, நீ சொல்றது! பொய்னு தெரிஞ்சா ஒரு வருசம் ஏத்தமாட்டாங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வண்டி சுரங்கத்துக்குள் இறங்கியது. செங்கமலம் அம்மாள் கதவைத் தட்டிக்கொண்டே வந்தார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை. மகன் இறந்துவிட்டான்.

வண்டி சரியாகத்தான் எண்ணியது என்று அவருடைய புகாரைத் தள்ளிவிட்டீர்கள். வண்டி சரியாகத்தான் எண்ணியது. பொய் சொன்னவர்களில் நான் ஒருவன். என் பயண அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

கவரை ஒட்டிவிட்டு, தபாலாபீசுக்கு நான்கு கிலோமீட்டர் நடந்தே போய்ச் சேர்க்கிறேன்.

இப்படிக்கு,
கு. மயில்வாகனம்