படம் வருது, சத்தம் வரல

கையில் கட்டிங் பிளேயரோடு உக்கிரபாண்டி மாடிப்படி ஏறி வருவதைப் பார்த்ததும் பொன்னுராஜ் திரைச்சீலையை இழுத்து மூடினான். இழுத்த வேகத்தில் கம்பியில் வளையங்கள் கிணுகிணுத்தன.

மணி ஐந்தே கால். மடவார் வளாகம் என்ற தெருவில் அவன் கேபிள் டிவி நடத்தும் மாடி அறை அது. திரைக்குப் பின்னால் ஒரு மைக் இருந்தது. மைக்கின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் உக்கிரபாண்டியின் மனைவி வெள்ளத்தாய்.

ஐந்தரைக்குப் பிள்ளைகளின் கார்ட்டூன். ஒரு வீட்டு நாயும், அதன் கூண்டில் வந்து ஒளிந்துகொண்ட வேற்றுக்கிரகத்துப் பச்சைப் பயலும் அடிக்கும் கூத்து. டிஷ்ஷில் இங்கிலீஷில் வரும். பொன்னுராஜ் அந்தச் சத்தத்தை அணைத்துவிடுவான். நாய்க்கு அவன் பேசுவான், பச்சைப் பயலுக்கு வெள்ளத்தாய்.

எழுதிவைத்த வசனம் கிடையாது. படத்தைப் பார்த்து வாயில் வந்ததைப் பேசுவதுதான். குரலை மூக்குக்கு ஏற்றி அவள் பேசுவதால் ஊரில் யாருக்கும் ஆள் தெரியவில்லை. "அவியளுக்கு மட்டும் தெரியவே கூடாது" என்று புருஷனை நினைத்து முதல் நாளே சொல்லியிருந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. என்ன, கையில பிளேயரெல்லாம்?"

"குரங்கு வயரைப் பிடிச்சு இழுத்துருச்சு. நானே முறுக்கிப் பாத்தேன்."

பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்தவர். பொன்னுராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டும் அவர் உட்காரவில்லை. சுவருக்கும் கதவுக்குமாக நடந்தார்.

"படம் வருது. சத்தம் வரல."

"காலையில வந்து சரி பண்ணித் தாரேன்."

"காலையில சத்தத்த வச்சு நான் என்ன செய்ய?"

பொன்னுராஜ் கடிகாரத்தைப் பார்த்தான். அவருடைய மொட்டைமாடி வழியாகத்தான் நாற்பது வீட்டுக்கு வயர் போகிறது. அவர் பிளேயரைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"செவ்வாக்கெழமை அந்தப் பச்சைப் பய நாய்கிட்ட என்னலே சொன்னான்?"

"ஞாபகம் இல்லியே அண்ணாச்சி."

"எனக்கு இருக்கு. 'உங்க வீட்டுக்காரரு மீசையப் பாத்தா எல்லைச்சாமி, கரப்பான் பறந்தா கட்டிலு மேல.' தெருவே சிரிச்சுச்சு."

"அது சும்மா, பிள்ளைகளுக்காக."

"எங்க வீட்டுல கரப்பான் பறந்தது அந்தப் பயலுக்கு எப்படித் தெரியும்?"

திரை லேசாக அசைந்தது. பொன்னுராஜ் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தான்.

"மதுரையில ஒரு ஆளு பேசுதாரு அண்ணாச்சி. கேசட்டா வரும்."

"மதுரக்காரனுக்கு எங்க வீட்டுக் கட்டிலு கெடக்கது தெரியுமாக்கும்."

ஐந்தரை ஆயிற்று. படம் தானாக ஓடத் தொடங்கியது. டிவியில் நாய் வாயைத் திறந்து திறந்து மூடியது. பொன்னுராஜ் தன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அடுத்த பேச்சு திரைக்குப் பின்னாலிருந்து வந்தாக வேண்டும்.

போன் அடித்தது.

"அண்ணே, நாய் பேச மாட்டேங்குது" என்றது ஒரு பிள்ளை.

"இந்தா, செத்த நேரத்துல பேசும்" என்று வைத்தான். உடனே மறுபடியும் அடித்தது. எடுக்கவில்லை.

"நீங்க வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி. பின்னாலேயே ஆளை அனுப்புதேன்."

"எம்புட்டு நேரமாகும்?"

"அரை மணி."

"அதுக்குள்ள படம் முடிஞ்சிரும்."

அப்போதுதான் அவர் நின்றார். பிளேயரை மேசையில் வைத்தார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஒம்பது வருசத்துக்கு முன்னால. என் தங்கச்சி கல்யாணம். என் வீட்டுக்காரி சத்தமாச் சிரிச்சுட்டா. நாலு பேரு முன்னால 'வாயை மூடு'ன்னேன். மூடிட்டா. அன்னையிலருந்து எங்கிட்டப் பேச்சில்ல."

பொன்னுராஜுக்கு இது புதிது. போன் அடித்து ஓய்ந்தது.

"காவலுக்குன்னு ராஜபாளையத்துலருந்து ஒரு நாய் வாங்கிட்டு வந்தேன். எனக்குச் சொல்ல வேண்டியத அதுகிட்டச் சொல்லுவா. 'ஏ நாயே, சோறு ஆறுதுன்னு சொல்லு.' 'ஏ நாயே, மழை வருது, கொடையெடுத்துட்டுப் போகச் சொல்லு.' நான் கேட்டுக்கிடுவேன். தை மாசம் அது செத்துப் போச்சு."

"அண்ணாச்சி..."

"ஆறு மாசம் வீட்டுல ஒரு சத்தம் கெடையாது. பொறவு அவ தெனமும் அஞ்சு மணிக்குக் கெளம்பிப் போனா. எங்கன்னு கேட்டாப் பதில் வராது. ஒருநா அஞ்சரைக்கு உன் டிவியில கேக்கேன். மூக்கால பேசுனா எனக்குத் தெரியாதா?"

அவர் மேசை மேலிருந்த பிளேயரை ஓரமாகத் தள்ளினார்.

"கரப்பானைச் சொல்லட்டும். மீசையைச் சொல்லட்டும். சத்தம் வரணும்லே, அம்புட்டுத்தான்."

பிளேயரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். "பிள்ளைக காத்துக் கெடக்கும். நான் போறேன். நீ ஆரம்பி."

பொன்னுராஜ் மைக் சுவிட்சைப் போட்டான். டிவியில் கூண்டுக்குள்ளிருந்து பச்சைப் பயல் தலையை நீட்டி வாயைத் திறந்தான். தெருவெல்லாம் கேட்டது. மூக்குக்கு ஏற்றாத, வெள்ளத்தாயின் சொந்தக் குரல்.

"ஏ நாயே, அவியள இங்கனயே உக்காந்து கேக்கச் சொல்லு."