நான்காவது கேள்வி

நான்காவது கேள்விக்கும் ரூபன் 'இல்லை' போட்டுவிட்டான்.

அவள் அதை இன்னும் வாசித்து முடிக்கவில்லை.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. ரூபன் கம்ப்யூட்டர் முன்னால். அவள் அவனுக்குப் பின்னால். அவளுக்குப் பின்னால் இன்னும் ஐந்து நர்ஸுகள்.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதுவும் ஆன்லைனில் என்பது புது விதி. புதுப்பிக்காதவர்கள் நாளையிலிருந்து ஊசியைத் தொடக்கூடாது.

பழைய படிவத்தில் கேள்விகள் கிடையாது. கையெழுத்து போதும். புதியதில் நேர்மைக்கென்று தனிப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். ஆறு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வட்டங்கள்.

போலீஸ் வழக்கு உண்டா. போதைப் பழக்கம் உண்டா. வேறு மாநிலத்தில் பதிவு ரத்தானதுண்டா.

நான்காவது: உங்கள் கவனக்குறைவால் நோயாளிக்குத் தீங்கு நேர்ந்ததுண்டா?

'ஆம்' என்றால், விசாரணை முடியும்வரை பதிவு நிறுத்தி வைக்கப்படும். இது மட்டும் சின்ன எழுத்தில் இருந்தது.

"அத கொஞ்சம் வாசிச்சுக்கிடுதேன் தம்பி."

"வாசிக்க என்ன இருக்கு சிஸ்டர். காலையில இருந்து நாப்பது பேரு. எல்லாருக்கும் இல்லதான்."

நாற்பது பேர். ஒருவர் கையாலும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாவட்டம் அவ்வளவு பாதுகாப்பாக இருந்தது.

செல்லத்துரை. வயது ஐம்பத்திரண்டு. பதினாலாம் பெட். காலில் ஆணி குத்திய புண்.

புண்ணுக்கு எழுதியிருந்த ஊசி உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க, முதலில் தோலில் ஒரு துளி போட வேண்டும். டெஸ்ட் டோஸ். போட்டுவிட்டு அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும்.

அவள் காத்திருக்கவில்லை.

துளியும் போடவில்லை.

அன்று வார்டில் முப்பத்தெட்டு பேர். அவள் ஒருத்தி. செய்யப்போவதை முன்கூட்டியே எழுதிவிடுவது வார்டு வழக்கம். டூட்டி ஏறியதுமே எல்லா சார்ட்டிலும் டெஸ்ட் டோஸ் போட்டதாக எழுதி முடித்திருந்தாள். எழுதிய பிறகு, செய்த மாதிரியேதான் இருந்தது.

ஊசி போட்ட ஆறாவது நிமிடம், "சிஸ்டர், தொண்டைய அடைக்கி" என்றார். அதுவே அவர் கடைசியாகப் பேசியது.

டாக்டர் வந்து சார்ட்டைப் பார்த்தார். டெஸ்ட் டோஸ் போட்டிருக்கிறது. ஆகவே மாரடைப்பு.

உடலை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவர் மனைவி ஒரு பிஸ்கட் பாக்கெட்டை இவள் கையில் வைத்தாள். பிரிக்காதது. அவருக்கு வாங்கியது.

இவள் அதைத் தின்றாள்.

டூட்டியில் பசித்தது.

"சப்மிட் குடுத்துரட்டுமா சிஸ்டர்?"

"குடுப்பா. எனக்கு ரெண்டு மணிக்கு டூட்டி," என்றாள் பின்னால் நின்றவள். "இவங்க என்ன, பரீட்ச பேப்பர் மாதிரி பாத்துக்கிட்டு நிக்காங்க."

வரிசை சிரித்தது. அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

ரூபன் ஐந்தையும் ஆறையும் முடித்திருந்தான். கடைசிப் பக்கம் திறந்திருந்தது. மேலே கூறியவை யாவும் உண்மை என்று ஒரு வரி. அதற்கும் அவனே டிக் அடித்தான்.

"நாலாவதுக்குப் போங்க தம்பி."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"பின்னால போனா எல்லாம் அழிஞ்சிரும் சிஸ்டர். பேருல இருந்து திரும்ப அடிக்கணும்."

வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

அவள் தோள்பையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

பெயரைச் சொன்னாள். இனிஷியலோடு.