வியன்னாவுக்குப் புறப்பட்ட ராணி

நான் ஒரு செஸ் போர்டின் வெள்ளை ராணி. எங்கள் முதலாளி தணிகாசலம் தோற்றால் அசரவே மாட்டார். "தப்பு என்மேல இல்ல, ஓப்பனிங் சரியில்ல" என்பார். உடனே ஆட்டத்தைத் தொடங்க வேறொரு முறையைச் செல்போனில் தேட ஆரம்பித்துவிடுவார்.

லண்டன் ஓப்பனிங் ஆடினார். எதிராளியின் கறுப்புக் குதிரை ஒரே தாவலில் எங்கள் ராஜாவுக்கு செக் வைத்து, என்மேலும் கண் வைத்தது. ராஜா நகர்ந்து தப்பினார், நான் செத்தேன். அடுத்து இத்தாலியன் ஆடினார். அதே குதிரை, அதே தாவல். ஸ்பானிஷிலும் அப்படியேதான் செத்தேன். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கல்யாணப் பெண் மாதிரி எனக்கு ஒரு புது உற்சாகம் வந்துவிடும்.

நேற்று ஆட்டம் முடிந்ததும் பெட்டிக்குள் அந்தக் குதிரை என் பக்கத்தில் வந்து விழுந்தது.

"ராணியம்மா, நீங்க எந்த ஓப்பனிங்ல வந்தாலும் நான் ஒரே மாதிரிதானே தாவுறேன்? நகர்றதுக்கு முன்னாடி ஒருதரம் என்னைப் பாக்கக்கூடாதா?" என்று கேட்டது.

"குதிரை எங்க நிக்குதுன்னு பாத்துப் பாத்து நடக்கிறவளா ராணி? போ போ. எங்க ஓப்பனிங்தான் சரியில்ல" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் பெட்டி திறந்தது.

"இனிமே வியன்னா ஓப்பனிங்தான்!" என்றார் தணிகாசலம்.

நான் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு ராஜாவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வியன்னாவில் குதிரைகளே இருக்காது என்று எனக்கு ஏனோ ஒரு நம்பிக்கை.