ஊசி கோக்கச் சொன்ன வீடு

தாமிரவருணித் தண்ணி குடிக்கிற ஊருகள்ல தச்சநல்லூர்னு ஒரு ஊராம். அந்த ஊர்ல ஒரு வீடாம். அந்த வீட்டுச் சுவரைக் குடையறதுக்கு எபின்னு ஒரு இளவட்டம் வந்தானாம்.

மாடித் தொட்டிக்கு ஏறும் தண்ணிக் குழாய்க்கு, கீழிருந்து மேல்வரை கிளாம்பு அடிக்கிற வேலை. காங்கிரீட் சுவர். ஹாமர் டிரில் இல்லாமல் ஆணி நுனிகூட இறங்காது.

எபி வேலையில் சுத்தமானவன். கழுத்துத் துண்டை அவிழ்த்து வைத்தான். கண்ணாடி மாட்டினான். சுவருக்குள் கரண்டு வயர் எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டான். பக்கக் கைப்பிடியை இறுக்கி, காலை அகட்டி நின்று மிஷினை அமுக்கினான்.

"டர்ர்ர்ர்..."

மனசு மட்டும் புன்னக்காயலில் கிடந்தது. சாயங்காலம் அங்கே யூனிஸைப் பெண் பார்க்கப் போகணும். அவள் அப்பாவுக்குக் கப்பல் வேலை. விடிந்தால் கிளம்பிவிடுவார். இன்றைக்கு விட்டால் அடுத்த பேச்சு அவர் கரைக்கு வந்த பிறகுதான். அதுவரை யூனிஸுக்கு வேறு இடம் பார்க்காமலா இருப்பார்கள்?

ஓட்டை ஆழமானது. குடையும் கம்பியான பிட்டை வெளியே இழுத்தான்.

டக். யாரோ சுவிட்சை அணைத்தார்கள்.

திரும்பினால், வீட்டுக்காரம்மா கலையரசி. கையில் ஊசியும் நூலும்.

"எய்யா, இதக் கொஞ்சம் கோத்துக் குடேன்."

எபி முழித்தான். "நானாம்மா?"

"பின்ன, சுவரா கோக்கும்?"

கோத்துக் கொடுத்தான். அவள் ஊசியைப் பார்க்கவே இல்லை. அவன் விரலையே பார்த்தாள். "சரிய்யா" என்று போய்விட்டாள்.

எபிக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே அவள் வீட்டுக்காரர் செந்தூர்பாண்டி, நல்ல திடகாத்திரமான ஆள், கையைக் கட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் கொடுத்தால் ஆகாதா?

மறுபடியும் மிஷினைப் பிடித்தான். பிட்டு வெளியே வந்ததோ இல்லையோ, டக்.

"சுக்காப்பியக் குடிச்சிட்டுச் செய்யி."

வேகத்தில் டம்ளரை அடியோடு பிடித்துவிட்டான். "ஸ்ஸ்... சுடுதும்மா!"

"சுடுதா?" அவள் முகம் மலர்ந்தது. "நல்லாச் சுடுதா?"

என்ன பிறவி இது! கை சுட்டதுக்கு ஒரு மனுஷி இப்படிச் சந்தோசப்படுவாளா?

போன் அடித்தது. அம்மை.

"ஏலே, பஸ் ஸ்டாண்டுல நிக்கேன். எங்கன கெடக்க?"

"தச்சநல்லூர்லதாம்மா. இந்த வீட்டம்மா என்னை வேலை செய்ய விட மாட்டேங்காவ."

"என்னலே செய்யுதாவ?"

"ஊசி கோக்கச் சொல்லுதாவ."

"நீ சுவரு குடையப் போனியா, சட்டை தைக்கப் போனியா?"

"எனக்கே தெரியலம்மா. பொண்ணு பாக்க வந்துருவோம்னு யூனிஸ் அப்பாட்ட ஒரு போன் போட்டுச் சொல்லிரு."

விட்ட நேரத்தைப் பிடிக்கிற வேகத்தில் மூச்சுவிடாமல் குடைந்தான். கடைசி ஓட்டைக்கு முன்னால் மறுபடியும் டக்.

"கையைக் காட்டுய்யா. ரெண்டு கையையும்."

எபிக்கு முகம் சுருங்கிப்போனது. "நான் எதையும் எடுக்கலைம்மா."

"எடுத்தேன்னு யாரு சொன்னா? விரி."

விரித்தான். ஒவ்வொரு விரல் நுனியையும் அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். "தெரியுதா? இது? இது?" கேட்டுவிட்டு, சுவிட்சைப் போட்டுவிட்டுப் போனாள்.

வேலை முடிந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிட்டைக் கழற்றினான். அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"ஏம்மா, அவசரமாப் போகணும்னு வந்தவன இப்படியா போட்டு வாட்டுவீய? ஊசி கோக்கச் சொல்லுதீய, கையைச் சோதிக்கிய. உள்ள அண்ணாச்சி சும்மாதான உக்காந்திருக்காவ? அவங்ககிட்ட ஒரு ஊசியக் குடுக்கப்பிடாதா?"

கலையரசி கோபப்படவில்லை. உள்ளே பார்த்து, "ஏங்க, இங்கன வாங்க" என்றாள்.

செந்தூர்பாண்டி வந்தார். சட்டை திறந்தே கிடந்தது. அவள் முன்னால் போய் நின்று ஒவ்வொரு பொத்தானாக மாட்டிவிட ஆரம்பித்தாள். அந்தப் பெரிய மனிதர் சின்னப்பிள்ளை மாதிரி மோவாயைத் தூக்கிக் கொடுத்தார்.

"தம்பி, நான் குவாரியில பிடிச்சது ஒன் மிஷினுக்குப் பெரிய அண்ணன்" என்று சிரித்தார். "வேலை முடியணும்னு நிறுத்தவே மாட்டேன். அது அதிர்ந்து அதிர்ந்து விரலு மரத்துக்கிட்டே வந்துச்சு. மொதல்ல ஊசி கோக்க வரல. பொறவு சூடு தெரியல. இப்ப..."

கையை விரித்தார். விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு பூசினாற்போல வெளுத்திருந்தது.

எபிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"ஒனக்கு ஒண்ணுமில்லய்யா, பாத்துட்டேன்" என்றாள் கலையரசி. "இனிமேலும் விட்டு விட்டுப் பிடி. நான் இருந்து அணைக்க முடியுமா?"

"சரிம்மா."

"ஓடு, பஸ்ஸு போயிரும். பொண்ணு பாக்கப் போறேன்னு போன்ல சொன்னியே..." கடைசிப் பொத்தானை மாட்டிவிட்டு, வீட்டுக்காரரின் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"நாளைக்கு அந்தப் புள்ள ஒன் கையைப் பிடிச்சா, அது ஒனக்குத் தெரியணும்லா?"

எபி மிஷினைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தான்.