ரிமோட் வைத்திருந்தவள்

உள்ளே மேஸ்திரியின் முழங்கையில் இயந்திரம் அதிர்வலைகளை இறக்கத் தொடங்கியதும், வெளியே அவர் மனைவி ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள்.

திரையில் ஒருவன் இன்னொருவனைத் துடைப்பத்தால் விளாசிக்கொண்டிருந்தான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிசியோதெரபி நிலையத்தின் காத்திருப்புக் கூடம் முகம் சுளித்தது. இயந்திர அறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்தது ஒரு பலகைத் தடுப்பு மட்டுமே.

மேஸ்திரி உள்ளே போவதற்கு முன்பே தம் புராணத்தைக் கூடத்துக்கு உரைத்திருந்தார். வந்திருப்பது டென்னிஸ் எல்போவாம். டென்னிஸ் மட்டையை அவர் கனவிலும் தொட்டதில்லை; தொட்டதெல்லாம் சாந்துக் கரண்டி. சுவர் பூசிப் பூசிச் சேர்த்த வினை. இப்போது ஒரு டம்ளரைத் தூக்கினாலே கை நடுங்குகிறது. இந்த வைத்தியமும் பலிக்காவிட்டால் அறுவை சிகிச்சைதான்; அதன் பிறகு கரண்டி பிடிக்க முடியுமா என்று கேட்டதற்கு டாக்டர் மேலே கையைக் காட்டிவிட்டாராம்.

மரத்துப்போக ஊசி கிடையாதா என்று முழங்கால் வலிக்காக வந்திருந்த அம்மா விசாரித்தார்.

"போட்டா வலிக்கிற இடம் தெரியாதாம். நமக்கு எதுக்கும்மா ஊசி? சாரத்துலேர்ந்து விழுந்தப்பவே நான் வாயத் தொறக்கல" என்றார் மேஸ்திரி. பிறகு மனைவியிடம், "நீ இங்கயே உக்காரு. உள்ள வந்தா பயந்துடுவ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாய்தான் இப்போது தடுப்புக்கு அப்பால் ஈரேழு உலகங்களுக்கும் கேட்கும்படி திறந்திருந்தது. தெரபிஸ்டின் முன்னோர்களும், இயந்திரம் செய்தவனின் வம்சமும் ஒருவர் விடாமல் நினைவுகூரப்பட்டார்கள். கடவுளையும் கூப்பிட்டார், சற்று மரியாதைக் குறைவாக.

மனைவி சத்தத்தை இன்னும் கூட்டினாள். சோப்பு விளம்பரம் வந்தது. அதற்கும் சிரித்தாள்.

கழுத்துப்பட்டை கட்டியிருந்த பெரியவருக்குப் பொறுக்கவில்லை. கழுத்தைத் திருப்ப முடியாதவராதலால் நாற்காலியோடு திரும்பினார்.

"ஏம்மா, உள்ள கத்துறது உன் வீட்டுக்காரர்தானே?"

"ஆமாங்க."

"காதுல விழலையா?"

"விழக்கூடாதுன்னுதான் சத்தமா வச்சிருக்கேன்."

கூடம் முழுவதும் உச்சுக் கொட்டியது. காலம் கெட்டுவிட்டதென்று முழங்கால் அம்மா தீர்ப்பளித்தார். பெரியவரோ, இல்லறம் என்பது ஈருடல் ஓருயிர் என்று தொடங்கி, கணவன் துடிக்கையில் களிக்கும் பெண்ணுக்கு மறுமையில் காத்திருக்கும் எண்ணெய்க் கொப்பரைகள் வரை ஒரு பிரசங்கமே நிகழ்த்தினார். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரசங்கத்தின் உச்சத்தில் அவர் எட்டி ரிமோட்டைப் பறித்துத் தொலைக்காட்சியை அணைத்தார்.

கூடம் நிசப்தமாயிற்று.

தடுப்புக்கு அப்பால் "ஐயோ, அம்..." என்று கிளம்பிய அலறல் பாதியிலேயே நின்றது. ஒரு கணம் கழித்து மேஸ்திரியின் கம்பீரக் குரல் வந்தது. "ஒண்ணும் இல்ல தம்பி. நீங்க பாட்டுக்கு நடத்துங்க."

"பாத்தியா? குணமாயிடுச்சு" என்றார் பெரியவர், குணப்படுத்தியது தம் பிரசங்கமே என்பது போல.

கதவு திறந்தது. வியர்த்து வழிந்த தெரபிஸ்ட் தலையை நீட்டினார்.

"யாருங்க டிவிய நிறுத்தினது? இவ்வளவு நேரம் கத்திக் கத்தி இடத்தக் கரெக்டா காட்டிட்டு இருந்தாரு. இப்ப எங்க வச்சாலும் வலிக்கலங்கறாரு. போன வாரம் இந்த அம்மா பக்கத்துல நின்னப்பவும் இப்படித்தான், எல்லாம் வீணாப் போச்சு."

மனைவி எழுந்தாள். பெரியவரின் கையிலிருந்து ரிமோட்டைப் பணிவாக வாங்கிக்கொண்டாள்.

"எனக்குக் கேக்கும்னு தெரிஞ்சா" என்றாள், "அவருக்கு வலிக்காதுங்க."