ஐந்து மணிக்குப் பிறகு நந்தனார்

சிறுசேரி அடுக்குமாடிக் குடியிருப்பில் மாலை ஆறு மணிக்குப் பாட்டு நாடகம். நந்தனார் கதைதான். ஆனால் இதில் நந்தனார் ஒரு துப்புரவுப் பணியாளர். வழிமறிக்கும் நந்தி, ஆளைப் பார்த்துத் திறக்கும் வாசல் கேட். நந்தனாராகப் பாடுபவள் அங்கேயே மாடிப்படி பெருக்கும் செங்கமலம்.

வீட்டுக்குப் போய்ப் புடவை மாற்றி வந்தவளை அந்தக் குடியிருப்பின் நிஜ கேட்டும் முகம் பார்த்து நிறுத்தியது.

"உங்கள் பணிநேரம் ஐந்து மணியோடு முடிந்தது" என்றது.

ஒத்திகையெல்லாம் மூன்று மணிக்கே நடந்ததால் இது யாருக்கும் தோன்றவில்லை.

நந்தி வேஷம் போட்ட அசோசியேஷன் செகரட்டரி வரதன் கொம்போடு ஓடிவந்தார்.

"சே! நாங்கதான் ஓட்டுப் போட்டு இந்த டைம வச்சோம். நாளைக்குத்தாம்மா மாத்த முடியும்."

"அப்ப நான் கிளம்புறேன் சார்."

"இரும்மா." உள்ளே திரும்பிக் கத்தினார். "எல்லாரும் நாற்காலியத் தூக்கிட்டு வெளிய வாங்க!"

கேட் ஒவ்வொருவரையும் எண்ணி, பணிவாக வெளியே விட்டது.

தெருவில் வரதன் செங்கமலத்தை மறித்து நின்றார். தாளம் விழுந்ததும் விலகினார். இருநூறு பேர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பாடத் தொடங்கினாள்.

ஆளில்லாத வளாகத்தைக் கேட் காவல் காத்துக்கொண்டிருந்தது.